ஸ்பிரிட் வீக் தீம்கள்: எதற்கு எத்தனை மார்க்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்பிரிட் வீக் மின்னஞ்சல் வரும், ஒரு கிழமை முழுக்க நாளுக்கொரு தீமில் பிள்ளைகள் உடுத்தி வருவதற்கான பட்டியலோடு. திங்கள் பஜாமா, செவ்வாய் இரட்டையர், புதன் கோணல் தலைமயிர், வியாழன் ஜேர்சி, வெள்ளி பள்ளி நிறம். ஐந்து நாளும் ஐந்து கட்டத்துக்குள் பலூன் படத்தோடு அழகாக இருக்கும். ஞாயிறு மத்தியானம் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு டொலராமா மலிவுக் கடைக்குள் போனால், கைபேசியில் அதே கட்டங்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகளைத் துழாவும் அம்மா அப்பாமாரைக் காணலாம்.

ஸ்பிரிட் வீக் அமெரிக்க உயர்பள்ளிகளிலிருந்து கனடாவுக்கு வந்த வழக்கம். இப்போது பாலர் வகுப்புவரை இறங்கிவிட்டது. தீம்களைத் தேர்வது மாணவர் மன்றமோ பெற்றோர் குழுவோ ஓர் ஆசிரியரோ, யாராகவும் இருக்கலாம். பெரும்பாலும் போன வருடத்துப் பட்டியலே திரும்பி வரும். அந்தப் பட்டியலைக் கடையில் வாங்கும் ஒரு பொருளைப் போலத் திருப்பிப் பார்த்து எழுதியது இது: என்ன விலை, யாருக்குப் பொருந்தாது, எங்கே பிய்யும். மார்க் போடுவதற்கு ஒரே அளவுகோல்தான். ஒன்றும் புதிதாக வாங்காமல், தலையில் உள்ளதைக் கழற்றாமல், இன்னொரு மனிதக் கூட்டத்தின் வேடம் போடாமல் ஒரு பிள்ளை அன்றைக்குக் கலந்துகொள்ள முடியுமா?

பஜாமா நாளில் தொடங்கலாம், ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 10க்கு 7. வீட்டில் உள்ளதைப் போட்டுக்கொண்டு போகலாம் என்பது அதன் பலம். ஆனால் பழைய ரீசேர்ட்டோடும் சறத்தோடும் தூங்கும் பிள்ளைக்கு ‘பஜாமா’ என்று ஒன்று அலுமாரியில் இல்லை. அதற்காகவே ஒரு சோடி வாங்க வேண்டிவரும். 11, 12 வயதுப் பெண்பிள்ளைகள் பலருக்கு இரவு உடுப்போடு வகுப்பில் இருப்பதே கூச்சம். உடலை மூடி உடுத்தும் குடும்பங்களுக்கும் அப்படித்தான். பெயரை ‘வசதியான உடுப்பு நாள்’ என்று மாற்றினால் போதும். பஜாமா போடுகிறவர் பஜாமா, மற்றவர் ஸ்வெற் பான்ட்ஸ். மார்க் உடனே 9க்கு ஏறும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் கவனிக்க வேண்டியது தைப்பு. கனடாவில் 14எக்ஸ் அளவுவரை உள்ள பிள்ளைகளின் இரவு உடுப்புக்குத் தீப்பற்றும் தன்மை பற்றிய விதிகள் உண்டு. தொளதொளப்பான வகைகளுக்குக் கடுமையான சோதனை. அதனால்தான் கடையில் பருத்திப் பஜாமா உடம்போடு ஒட்டியதாகவும், தளர்ந்தது பெரும்பாலும் பொலியெஸ்ரராகவும் இருக்கிறது. பள்ளிக்கு ஒட்டிய பருத்திதான் நல்லது. ஸ்னோ பான்ட்ஸுக்குள் சுருண்டு மேலே ஏறாது. பாதம் சேர்த்துத் தைத்த ஒரே துண்டு ‘வன்சி’ பாலர் வகுப்புக்கு ஆகவே ஆகாது: கழிப்பறைக்குப் போகும்போது கழுத்திலிருந்து முழுவதையும் கழற்ற வேண்டும், உடுப்பின் கைகள் ஈரத் தரையில் இழுபடும், பூட்ஸுக்குள் பாதத் துணி மடிந்து உறுத்தும், மண்டபத்துத் தரையில் வழுக்கும். வீட்டுச் செருப்பும் வேண்டாம். தீப்பயிற்சி மணி அடித்தால் பனிக்குள் ஓட வேண்டியது அந்தக் கால்களோடுதான்.

கோணல் தலைமயிர் நாளுக்கு 3. அதுவும் கொஞ்சம் இரக்கப்பட்டுப் போட்டது. பட்கா என்ற தலைத்துணி கட்டிய சீக்கியப் பிள்ளை, ஹிஜாப் போடும் பிள்ளை, சிகிச்சையாலோ அலோபீசியாவாலோ மயிர் உதிர்ந்த பிள்ளை, மணிக்கணக்காக இருந்து பின்னல் போட்டுக்கொண்ட கறுப்பினப் பிள்ளை, இவர்கள் எல்லோரையும் ஒரே அடியில் வெளியே நிறுத்தும் தீம் இது. சுருள்மயிரை விரித்துவிட்டு ‘கோணல்’ என்று சிரிப்பதும் நடக்கும். தன் இயல்பான தலைமயிர் பகிடிக்குரியது என்று ஒரு பிள்ளை படிக்கும் பாடம் அது. விக் போட்டுச் சரிக்கட்டலாம் என்றால், காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கு விக் அதை மூடி, கீச்சென்று விசில் சத்தம் வரப்பண்ணும்.

இதற்கென்று விற்கும் வர்ண ஸ்ப்ரே பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருப்பது மதுசாரமும் அழுத்த வாயுவும், தீப்பற்றும். பள்ளிக் கழிப்பறையில் அடித்தால் முட்டு வருத்தம் உள்ள பிள்ளைக்கு இருமல் கிளம்பும். வீட்டில், வாசலுக்கு வெளியே, தோளில் பழைய துவாய் போட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முகத்தைக் கையால் மறைத்து அடிக்க வேண்டும். நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: காலையில் வழக்கம்போல எண்ணெய் வைத்துவிட்டு அதன்மேல் ஸ்ப்ரே. நிறம் பிடிக்காது. பிடித்த கொஞ்சமும் எண்ணெயோடு வழிந்து சட்டைக் கழுத்தில் இறங்கும். முதல்நாள் இரவே முழுகி, எண்ணெயில்லாமல் நன்றாக உலர்ந்த மயிரில்தான் அடிக்கலாம். கறுப்பு மயிரில் நீலமும் ஊதாவும் தெரியவே தெரியாது; வெள்ளை, மஞ்சள், கடும் ரோசா தெரியும். பொன்னிற மயிரில் நிலைமை தலைகீழ், கழுவின பிறகும் இரண்டு மூன்று நாள் நிறம் நிற்கும். வெள்ளிக்கிழமை வகுப்புப் படம் எடுப்பதாக இருந்தால் புதன்கிழமை இந்தத் தீம் வைத்தவரைப் பெற்றோர் மறக்கமாட்டார்கள்.

இதைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருக்கிறது. ‘தலை முதல் கால் வரை எங்காவது ஒரு கோணல்’ என்று விரித்துவிடுவது. மாறின சோடிக் காலுறை, உள்வெளியாகப் போட்ட ஸ்வெற்றர், பின்பக்கமாகத் திருப்பிய தொப்பி, ஹிஜாபில் குத்திய வேடிக்கைப் பின், பட்காவுக்குப் பொருந்தாத நிறத்தில் கழுத்துப்பட்டி. செலவு பூச்சியம். சட்டையை உள்வெளியாகப் போடும்போது கரைத் தைப்பு தோலில் உரசாமல் வெளியே வந்துவிடுவதால், அந்த உரசலைத் தாங்க முடியாத ஒட்டிசப் பிள்ளைகள் சிலருக்கு இந்தக் கோணல் சுகமானதாகக்கூட இருக்கும்.

இரட்டையர் நாளுக்கு 2. உடுப்பால் வரும் பிரச்சினை அல்ல இது. இரண்டு பேர் ஒரே மாதிரி உடுக்க வேண்டுமென்றால் முதலில் கேட்க ஆள் வேண்டும். 27 பேர் உள்ள வகுப்பில் கணக்கே உதைக்கிறது, ஒருவர் மிஞ்சுவார். ஒரு கிழமைக்கு முன்னர்தான் பள்ளிக்கு வந்த புதிய பிள்ளை, இன்னும் ஆங்கிலம் ஓடாத பிள்ளை, மூன்று பேர் கூட்டத்தில் மூன்றாவது பிள்ளை எல்லோரும் செவ்வாய்க்கிழமை காலை வயிற்றுவலி என்பார்கள். ‘மூவராகவும் நால்வராகவும் வரலாம்’ என்று சேர்ப்பது பாதி வைத்தியம். முழு வைத்தியம் வகுப்புக்கு ஒரு நிறம் கொடுப்பது: 3ஆம் வகுப்பு முழுக்க நீலம், 4 முழுக்க கறுப்பு. வகுப்பில் இருப்பதே சேர்வதற்குப் போதும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். நிறத்தைத் தேரும்போது அலுமாரிகளில் சாதாரணமாகக் கிடப்பதை எடுக்க வேண்டும்: நீலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல், சிவப்பு. ஊதாவையும் இளம்பச்சையையும் எழுதினால் அரைவாசி வீடுகள் கடைக்குப் போகும். ஒரு வகுப்புக்குச் சிவப்பும் பக்கத்து வகுப்புக்குப் பச்சையும் கொடுத்து மைதானத்தில் ‘உன் நிறத்தோடு சேர்’ என்று விளையாட வைப்பதும் வேண்டாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில் குறை உண்டு. நீலமும் மஞ்சளும் என்றால் சிக்கல் குறைவு.

ஜேர்சி நாளில் தெரிவது அப்பாவின் சம்பளம். அசல் என்.எச்.எல். (ஐஸ் ஹொக்கி லீக்) சட்டை ஒன்று 100 டொலரைத் தாண்டும். லீஃப்ஸ், ராப்ரர்ஸ் அணிச் சட்டைகள் வகுப்பில் வரிசையாக உட்கார, வெறும் சேர்ட்டோடு வந்த பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ‘எந்த அணியும் சரி, அணி நிறமும் சரி’ என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் செய்யும் வழியையும் மின்னஞ்சலிலேயே எழுதிவிட வேண்டும். நீல நிறப் பெயின்ரர் ரேப், 5 செ.மீ. அகலத்தது. சேர்ட்டைத் தட்டையாக விரித்து முதுகில் 20 செ.மீ. உயரத்தில் ஓர் இலக்கம் ஒட்ட ஐந்து நிமிடம். நாள் முழுக்க நிற்கும், உரித்தால் பசை படியாது. டக்ற் ரேப் வேண்டாம்: உரிக்கும்போது சேர்ட்டில் அச்சடித்த படத்தையும் கொண்டுபோகும், பசை கறையாக நிற்கும். ஃபிளீஸ் துணியில் இரண்டுமே ஒட்டாது. விளையாட்டே பிடிக்காத பிள்ளைக்குச் சதுரங்க அணி, நூலக அணி, அப்பம்மாவின் சமையல் அணி எல்லாம் உண்டு. இப்படி வைத்தால் 8, வெறும் ஜேர்சி நாள் என்றால் 4.

கத்தோலிக்கப் பள்ளிகளில் சீருடை இருப்பதால் கதை வேறு. அங்கே சீருடையில்லாமல் வருவதற்கே சில இடங்களில் 2 டொலர் வாங்குவார்கள், ஏதோ ஒரு தொண்டுக்கு. நோக்கம் நல்லதுதான். ஆனால் வாசலில் பெயர்ப்பட்டியலோடு நின்று வாங்கினால், காசு கொண்டுவராத பிள்ளை அன்றைக்குச் சீருடையால் அடையாளப்படும். மூடி போட்ட உண்டியல், பெயர் இல்லை, கணக்கு இல்லை என்று வைப்பதுதான் முறை.

பூச்சியம் வாங்கும் தீம்களும் இருக்கின்றன. ‘ஹவாய் நாள்’, ‘மெக்சிக்கோ நாள்’, ‘கௌபோயும் இந்தியனும்’ (இந்தியன் என்றது பூர்வகுடியினரை), ‘வீடற்றவர் நாள்’, ‘நேர்ட் நாள்’ (படிப்பாளிப் பிள்ளைகளைக் கிண்டலடிப்பது), ஆண் பெண் உடை மாற்றும் நாள். இவை வெவ்வேறுபோலத் தெரிந்தாலும் வேலை ஒன்றுதான், வகுப்பில் இருக்கும் ஒருவரின் அன்றாடத்தை மற்றவர்களுக்குக் கோமாளி உடுப்பாக்குவது. உடை மாற்றும் நாளை வேடிக்கை என்று நினைப்பவர்கள், தன் பாலின அடையாளத்தோடு வருடம் முழுக்க மல்லுக்கட்டும் ஒரு மாணவர் அன்றைக்கு வகுப்பில் எப்படி இருப்பார் என்று யோசிக்க வேண்டும். ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டத்தில் பாலின அடையாளமும் பாலின வெளிப்பாடும் 2012இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. பள்ளிகளும் அதற்குள்தான்.

தோலுக்கு நிறம் பூசுவது பற்றி இந்த நாட்டில் ஒரே ஓர் உதாரணம் போதும். 2001இல் வன்கூவரின் வெஸ்ற் பொயின்ற் கிரே அகடமி என்ற தனியார் பள்ளியில் ‘அரேபிய இரவுகள்’ என்ற தீமில் ஒரு விருந்து. அங்கே அப்போது ஆசிரியராக இருந்த ஜஸ்ரின் ட்ரூடோ முகத்துக்கும் கைக்கும் கருமை பூசித் தலைப்பாகையோடு போனார். 2019 செப்ரெம்பரில், தேர்தல் பிரசாரத்தின் நடுவே, படம் வெளிவந்தது. அப்போது பிரதமராக இருந்த அவர் நாட்டின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். பூசியவரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அப்படியொரு தீம் எழுதிவைத்த பள்ளியைப் பற்றிப் பேச்சு குறைவு. தீம்தான் முதலில் வரும், மை பிறகுதான் வரும்.

பத்தாண்டு நாள், அதாவது 70கள், 80கள், 90கள், நடுத்தரம். 5 போடலாம். 50களை மட்டும் தவிர்ப்பது நல்லது. பூச்சட்டையும் மில்க் ஷேக்கும் ஒரு சாராரின் 50கள்தான். 90கள் மலிவு: தளர்ந்த ஜீன்ஸ், இடுப்பில் கட்டிய கட்டச் சேர்ட், அப்பாவின் பழைய ஸ்வெற் சேர்ட். ‘உங்கள் குடும்பம் அப்போது எங்கே இருந்தது?’ என்று ஒரு வரி சேர்த்தால் யாழ்ப்பாணத்துப் படமும் மணிலாப் படமும் ஜமேக்காவின் கிங்ஸ்ரன் படமும் வகுப்புக்கு வரும். ஆனால் அதைக் கட்டாயமாக்க வேண்டாம். படங்களோடு வெளியேற முடியாத குடும்பங்கள் இங்கே நிறைய, அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெப்ரவரியில் பள்ளியின் 100ஆவது நாள் வரும். ‘100 வயதுக் கிழவர்போல வாருங்கள்’ என்பது சின்ன வகுப்புகளின் வாடிக்கை. தலையில் பவுடர் கொட்டுவது, கூன்போட்டு நடப்பது, ஊன்றுகோலால் பக்கத்தவனைத் தட்டுவது. பவுடர் மூச்சுக்குள் போகும், கோதுமை மா போட்டால் வியர்வையில் பசையாகும், நிஜமாகவே ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். ‘100 பொருள் ஒட்டிய சேர்ட்’ அதைவிட நூறு மடங்கு மேல். செய்முறை: பழைய சேர்ட்டுக்குள் ஒரு மட்டை அட்டையைச் செருகுங்கள், பசை முதுகுப் பக்கத்துக்கு ஊறாது. சோக்கால் முன்பக்கத்தில் 10க்கு 10 கட்டம் கீறுங்கள். கட்டம் ஒன்று இரண்டரை செ.மீ. என்றால் 25 செ.மீ. சதுரம் வரும், 6 வயதுச் சேர்ட்டில் சரியாக அடங்கும். ஃபெல்ட் துணியில் வெட்டின வட்டங்களைத் துணிப்பசையால் ஒட்டி ஓர் இரவு முழுக்க உலரவிட வேண்டும். கடதாசி ஸ்ரிக்கர் குளிர்ச்சட்டை உரசலில் இடைவேளைக்குள்ளேயே உதிரத் தொடங்கும், பிறகு பிள்ளை 63ஓடு வீட்டுக்கு வரும். பொத்தானும் பொம்பொமும் பாலர் வகுப்பில் வேண்டாம், வாய்க்குள் போகும்.

கலாசார நாள் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் அதில் நாமும் இருக்கிறோம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இலும், கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றுக்கொண்டன. தைப்பொங்கலை ஒட்டிப் பல பள்ளிகளில் ‘உங்கள் பாரம்பரிய உடையில் வாருங்கள்’ என்று வரும். நம் பிள்ளைகளுக்கு அது பெருமை. ஆனால் அந்த வரியைப் படிக்கும் மற்ற வீடுகளையும் பாருங்கள். அம்மா ஒரு நாடு அப்பா ஒரு நாடு என்ற பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, பாரம்பரிய உடையை மூன்று தலைமுறைக்கு முன்னரே பறிகொடுத்த பூர்வகுடிப் பிள்ளை, ‘எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே’ என்று நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளை. ஒன்றும் இல்லாதவர் கடைக்குப் போனால் இன்னொருவரின் உடுப்பைத்தான் வாங்கி வருவார். ‘உங்கள் குடும்பத்துக்கு அர்த்தமுள்ள ஒன்றை அணிந்தோ கொண்டோ வாருங்கள்’ என்று எழுதினால் தாத்தாவின் கைக்கடிகாரமும் சேரும், மீன்பிடித் தொப்பியும் சேரும்.

நம் பக்கத்துக்கான நடைமுறை. வேட்டி கட்டுவதானால் வெல்க்ரோ வைத்த ஒட்டுவேட்டிதான், உள்ளே முழங்காலுக்குக் கீழ்வரை காற்சட்டை. வேட்டிக்கு மேல் ஸ்னோ பான்ட்ஸ் ஏற்றினால் துணி தொடையில் பந்துபோலத் திரளும். அதனால் வேட்டியைப் பையில் கொடுத்துவிட்டு வகுப்பில் கட்டச் சொல்லலாம். இல்லையேல் சாதாரண பான்ட்ஸோடு ஒரு சால்வை, அதுவே போதும். பாவாடை சட்டைக்குள் தடித்த லெகிங்ஸ், பாவாடை விளிம்பு கணுக்காலுக்கு நாலு விரல் மேலே. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு விளிம்பைத் தொடைக்கடியில் மடித்துச் செருக வேண்டும், சால்வையை முடிந்துவிட வேண்டும். தொங்கும் துணியைச் சில்லு இழுக்கும். அரைச்சேலை தாவணிக்கு ஊக்கு நிறைய வேண்டும், ஓடி விளையாடும்போது ஒன்றாவது திறக்கும், 10 வயதுக்குக் கீழே வேண்டாம். கண்ணாடி வளையல் வேண்டவே வேண்டாம். சலங்கையையும் பரதநாட்டிய உடுப்பையும் அரங்கேற்றத்துக்கே விட்டுவிடுங்கள்: விசிறி மடிப்பு ஒருதரம் கசங்கினால் மறுபடி நேராக்குவது பெரும்பாடு, சலங்கைச் சத்தம் சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையை நாள் முழுக்க வாட்டும்.

சில சட்டைகளை ஸ்பிரிட் வீக்குக்குள் போட்டுக் கலக்கக்கூடாது. செப்ரெம்பர் 30இன் செம்மஞ்சள் சேர்ட் அதில் முதன்மையானது. 1973இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆறு வயதில், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைக்குப் போன பிலிஸ் வெப்ஸ்ராட்டிடமிருந்து, பாட்டி வாங்கிக்கொடுத்த புதுச் செம்மஞ்சள் சேர்ட்டை முதல் நாளே பறித்தார்கள். அந்த நினைவிலிருந்து 2013இல் தொடங்கிய நாள் அது. 2021இலிருந்து உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளும் அதே திகதிதான். திங்கள் பஜாமா, செவ்வாய் செம்மஞ்சள் என்று பலூன் படத்துக்குள் அதைப் போடுவது துக்கவீட்டுக்குப் பட்டாசு கொண்டுபோவது மாதிரி. தனி அறிவிப்பு, தனி விளக்கம். சேர்ட் வாங்குவதானால் பணத்தில் ஒரு பங்கு பூர்வகுடி அமைப்புக்குப் போவதாகத் தெளிவாக எழுதியிருக்கும் இடத்தில். இல்லாதவர்களுக்கு ஒரு செம்மஞ்சள் நாடாத் துண்டு போதும்.

ரோசாச் சேர்ட் நாள் கொஞ்சம் இலகுவானது. 2007இல் நோவா ஸ்கோஷியாவில் ரோசாச் சேர்ட் போட்டு வந்த 9ஆம் வகுப்பு மாணவனைச் சிலர் வம்புக்கிழுத்தார்கள். 12ஆம் வகுப்பு டேவிட் ஷெப்பேர்டும் ட்ரவிஸ் பிரைஸும் மலிவுக் கடையில் 50 ரோசாச் சேர்ட் வாங்கிப் பள்ளி வாசலில் பங்கிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கதையைச் சொல்லும் பள்ளிகள் அதில் உள்ள ஒரு விடயத்தை மறந்துவிடுகின்றன: அவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள், வாங்கி வரச் சொல்லவில்லை. மார்ச் 21, டவுண் சின்ட்ரோம் நாளுக்குக் கோணல் காலுறை. 21ஆவது குரோமோசோம் மூன்று பிரதி என்பதால் மூன்றாம் மாதம் 21ஆம் திகதி. குரோமோசோமின் உருவம் காலுறைபோல இருப்பதால் காலுறை. வீட்டில் சோடி தொலைந்த காலுறை இல்லாத குடும்பம் உலகத்தில் கிடையாது. 10க்கு 10.

நாட்காட்டியைப் பார்ப்பதும் தீம் தேர்வின் பாதி வேலை. ரமழான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அந்த மாதத்தில் ‘பான்கேக்கும் பஜாமாவும்’ வைத்தால் நோன்பு பிடிக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஹலோவீனைக் கொண்டாடாத யெகோவாவின் சாட்சிகளும் பல முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் இருப்பதால் சில பள்ளிகள் ‘செம்மஞ்சளும் கறுப்பும்’ என்று வைக்கின்றன. அது நல்ல தீர்வு. டிசம்பரில் ‘அசிங்கமான கிறிஸ்மஸ் ஸ்வெற்றர்’ என்பதைவிட ‘பனி நிறங்கள்: வெள்ளை, நீலம், சாம்பல்’ எல்லோருக்கும் எட்டும்.

கடைகளைப் பற்றி. டொலராமாவில் விலை 5 டொலரோடு நிற்கும். காலுறை, ஃபெல்ட், பைப் கிளீனர், ரேப் வாங்க அது போதும். மெழுகுக் குச்சி மாதிரி வரும் முகவர்ணத்தை எந்தக் கடையிலும் தவிர்க்கலாம்: தண்ணீருக்குப் போகாது, எண்ணெய் தடவித் துடைக்க வேண்டும், தோல் சிவக்கும். தண்ணீரில் கரையும் வகையை முதல்நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்துவிட்டுப் போடலாம். வலியூ வில்லேஜ் போன்ற பாவித்த உடுப்புக் கடைகள் பத்தாண்டு நாளுக்குச் சிறப்பு. ஒக்ரோபர் நெருங்க அங்கே கூட்டம் பிதுங்கும், ஓகஸ்ட்டிலேயே போய்விடுங்கள். பொதிசெய்த வேட உடுப்பு வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைக் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவில் பிள்ளைகளின் சாதாரண உடுப்புக்கு மாகாண வரி 8 வீதம் கடையிலேயே கழிபடும், 5 வீதம்தான் கட்டுகிறோம். வேட உடுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, முழு 13. துணியும் மெல்லியது, ஸ்வெற்றருக்கு மேலே போட அளவு காணாது. வாங்கினால் ஓர் அளவு பெரிதாக.

கதாபாத்திர நாளுக்கு மேலங்கி வேண்டுமென்றால் பெரியவரின் பழைய ரீசேர்ட் ஒன்று போதும். முன்பக்கத்தையும் கைகளையும் வெட்டி எடுத்து, பின்பக்கத்தையும் கழுத்துப் பட்டியையும் விடுங்கள். பலர் இதோடு முடித்துவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. ஊஞ்சற் கம்பியில் சிக்கினால் முழுவட்டக் கழுத்துப் பட்டி நெரிக்கும். பட்டியை முன்னால் வெட்டி, 3 செ.மீ. வெல்க்ரோ தையுங்கள், இழுத்தவுடன் பிரிய வேண்டும். நீளம் முழங்காலுக்கு மேலே. முகமூடியும் விளையாட்டு ஆயுதமும் பல பள்ளிகளில் அனுமதி இல்லை, அனுப்பிவிட்டு அதிபர் அறையிலிருந்து திருப்பி வாங்காதீர்கள். வேடமே வேண்டாம் என்ற பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தைக் கையில் கொண்டுவந்தால் சேர்ந்ததாகவே கணக்கு.

மின்னஞ்சல் இரண்டு கிழமைக்கு முன்னராவது போக வேண்டும், முடிந்தால் அந்தப் பள்ளியின் வீடுகளில் பேசும் மொழிகளிலும். அதில் மேலேயே, கீழே சின்ன எழுத்தில் அல்ல, இந்த வரிகள்: ‘எதையும் வாங்கத் தேவையில்லை. சாதாரண உடுப்பில் வருவதும் சரி. பரிசு இல்லை.’ சிறந்த உடுப்புக்குப் பரிசு வைத்தால் போட்டி அம்மாமாருக்குள்தான் நடக்கும்.

மறந்து வரும் பிள்ளைகளுக்காக வகுப்புக்கு ஒரு பெட்டி வேண்டும். அதில் தொப்பியோ விக்கோ போடக்கூடாது, பேன் ஒரு தலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கைப்பட்டிதான் சரியான பொருள். ஃபாப்ரிக்லாண்டில் ஃபிளீஸ் துணி ஏறக்குறைய 150 செ.மீ. அகலம். ஒரு மீற்றர் வாங்கி, அகலவாக்கில் 37 செ.மீ. நீளமாக நாலு, 5 செ.மீ. அகலமாக இருபது என்று வெட்டினால் 80 பட்டி, ஏறக்குறைய மூன்று வகுப்புக்குக் காணும். ஃபிளீஸ் நூல் பிரியாது, தைக்கவே வேண்டாம். அகலவாக்கில்தான் அது நன்றாக இழுபடும், நீளவாக்கில் வெட்டினால் முடிச்சு இறுகிக் கை நோகும். கையில் கட்டப் பிடிக்காத பிள்ளை பைப் பிடியில் கட்டிக்கொள்ளட்டும். வாசலில் நின்று ‘நீ கொண்டுவரவில்லையா?’ என்று கேட்டுக் கொடுக்காமல், கொண்டுவந்தவர் கொண்டுவராதவர் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. பின்னேரம் சேர்த்து வாங்கி, வலைப்பையில் போட்டுக் குளிர்நீரில் தோய்த்து, உலர்த்தியில் சூடில்லாமல் காயவைத்து எடுத்து வைத்தால் ஜூன் மாத விளையாட்டு நாளில் அணி பிரிக்க அவையே உதவும்.